சிலுவைக் குன்று, லித்துவேனியா

லித்துவேனியாவின் வடபகுதியில், ஷௌலியாய் நகருக்கு வடக்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், யுர்கைச்சியாய் என்னும் சிற்றூரை ஒட்டியுள்ள பழைய மண்கோட்டை மேடு. அந்நாட்டு மொழியில் கிரீஜ்யூ கல்னஸ் எனப்படும். குன்று என்று பெயரே தவிர உயரம் 10 மீட்டர் அளவுதான். நடுப்பகுதி தாழ்ந்து இரு முனைகளும் எழுந்து குதிரைச் சேணத்தின் வடிவில் கிடக்கிறது. அருகே குல்பே என்ற சிற்றாறு ஓடுகிறது. மேட்டின் உச்சியிலும் சரிவுகளிலும் அடிவாரத்திலும் மக்கள் தாமாகக் கொண்டுவந்து நட்ட சிலுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான கணிப்பு. இவற்றை நடச் சொல்லி எந்த அரசும் ஆணை பிறப்பித்ததில்லை. திருச்சபையின் தலைமையும் இதைத் திட்டமிட்டு உருவாக்கவில்லை. சிலுவை நடுவதைத் தடுத்த அரசுகள் இரண்டு உண்டு. ஒன்று ஜார் மன்னர்களின் ரஷ்யப் பேரரசு, மற்றொன்று சோவியத் அரசு. லித்துவேனியர் தம்மைத் தனி இனமாகக் காத்துக்கொண்ட வரலாற்றில் இந்தச் சிறு மேட்டுக்குக் கிடைத்திருக்கும் இடத்தை இந்த இரண்டு தடைகளோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

தொடக்கம்

மேட்டின் மேல் ஒரு காலத்தில் மரக்கோட்டை இருந்தது. மேற்கு லித்துவேனியாவின் ஜெமாய்தியா நிலத்துக்கும் வடக்கே லிவோனிய வீரத்துறவியர் சபை ஆண்ட பகுதிக்கும் இடையே அடிக்கடி போர் நிகழ்ந்த எல்லைப்புறம் இது. 1348இல் அச்சபையின் படை இவ்வட்டாரத்தைத் தாக்கியபோது கோட்டை எரிந்து அழிந்திருக்கலாம் என்று கருதுவர். 1236ஆம் ஆண்டின் புகழ்பெற்ற சவுலே போரும் ஷௌலியாய் பக்கத்தில்தான் நடந்தது என்பது லித்துவேனியரின் வழக்கமான கூற்று. அந்தப் போர்க்களம் தங்கள் எல்லைக்குள் இருந்தது என்று லத்விய அறிஞர் சிலர் கூறுவதால் அது முடிவாகாமல் இருக்கிறது.

கோட்டை அழிந்ததற்கும் முதல் சிலுவை நடப்பட்டதற்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள். அந்த நீண்ட காலத்துக்குக் கதைகளே சான்று: புயலில் மண்ணுக்குள் புதைந்துபோன தேவாலயம், விடியற்காலையில் மேட்டைச் சுற்றி வரும் துறவியரின் ஆவிகள்.

முதல் சிலுவை எப்போது, எதற்காக நடப்பட்டது என்பதில் இரு கூற்றுகள் உள்ளன. பெரும்பாலான நூல்கள் 1831ஆம் ஆண்டைச் சொல்கின்றன. ரஷ்ய ஆட்சியை எதிர்த்து அவ்வாண்டு எழுந்த கிளர்ச்சியில் மாண்டவர்களின் உடல்கள் வீட்டாருக்குக் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய உடல் இல்லாத குடும்பங்கள் இம்மேட்டில் சிலுவை நட்டன என்பது இவற்றின் விளக்கம். மேட்டுச் சிலுவைகளைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்போ 1850ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அது சொல்லும் காரணமும் வேறு. நோயில் விழுந்த யுர்கைச்சியாய் ஊர்க்காரர் ஒருவர், பிழைத்தால் மேட்டில் சிலுவை நடுவதாக வேண்டிக்கொண்டார், பிழைத்தார், நட்டார், அதைப் பார்த்து அக்கம்பக்கத்து ஊரார் தத்தம் வேண்டுதல்களோடு வரத் தொடங்கினர். இதன்படி வழக்கம் 1840களில் தொடங்கியிருக்க வேண்டும். சாகக் கிடந்த மகளுக்காக ஒரு தந்தை, கனவில் தோன்றிய பெண்ணின் சொற்படி சிலுவை செய்து நெடுந்தூரம் தோளில் சுமந்து வந்து நட்ட கதையும் பரவலாக வழங்குகிறது. கிளர்ச்சியும் வேண்டுதலும் ஒன்றையொன்று விலக்குவன ஆகா. 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு இரண்டுமே இம்மேட்டில் கலந்துவிட்டன என்பதில் ஐயமில்லை.

ஊர்ச் சிலுவையும் தச்சரும்

குன்றின் சிலுவைகளைத் தனியே பார்த்தால் அவற்றின் பொருள் முழுதாக விளங்காது. 19ஆம் நூற்றாண்டில் லித்துவேனியச் சிற்றூர் ஒவ்வொன்றிலும் வீட்டு முற்றம், நாற்சந்தி, வயலோரம், இடுகாடு என்று பல இடங்களில் சிலுவை நின்றது. குழந்தை பிறந்தால், திருமணம் நடந்தால், ஆள் இறந்தால், கொள்ளைநோய் விலகினால், மகன் ஊரைவிட்டுப் போனால் சிலுவை நடுவார்கள். பாதிரியார் வந்து மந்திரித்த பின்பே அது வழிபாட்டுக்குரியதாகும். மணப்பெண்கள் அதில் வண்ணத் துணி கட்டுவார்கள். பிள்ளை வேண்டும் பெண்கள் இடுப்பாடையைக் காணிக்கையாகத் தொங்கவிடுவார்கள். மே மாத மாலைகளில் ஊர்ப் பெண்கள் சிலுவைக்குப் பூச்சூட்டி அதன் முன் கூடி மரியன்னை பாடல்களைப் பாடுவது வழக்கம். தேவாலயம் தொலைவில் இருந்த ஊர்களுக்கு இந்த மரத்தடியே கோயில். பாடலும் செபமும் லித்துவேனிய மொழியில் நடந்தன. ஊர்ச் சிலுவைக்கும் மொழிக்கும் உள்ள உறவு இங்கிருந்து தொடங்குகிறது.

சிலுவை என்ற ஒரே சொல்லில் பல வடிவங்கள் அடங்கும். குறுக்குச் சட்டம் கொண்ட சிலுவை ஒரு வகை. உயர்ந்த தூணின் உச்சியில் கூரை வேய்ந்த சிறு மாடம் வைத்து, மாடத்துக்குள் புனிதர் உருவங்களை நிறுத்துவது இன்னொரு வகை. தூணின் மேல் அடுக்கடுக்காகக் கூரை மட்டும் அமைப்பது மூன்றாவது. ஜெமாய்தியா பகுதியில் தூணில்லாமல் கல்லின் மேலோ மரத்தின் மேலோ வைக்கும் குறுமாடங்கள் மிகுதி. பெரும்பாலும் ஓக் மரம். உயரம் ஒன்றிலிருந்து ஐந்து மீட்டர் வரை. உச்சியில் கொல்லர் அடித்த இரும்பு வேலைப்பாடு இருக்கும்: சிலுவையைச் சுற்றிக் கதிர் வீசும் சூரியன், கீழே பிறை நிலா, கதிர்களுக்கிடையே கொடியும் பூவும். இந்த இரும்புச் சூரியன்களில் ஒன்றைப் போல மற்றொன்று இராது. லித்துவேனியக் கிராமக் கலையில் இவற்றைவிட நுட்பமான பொருள் குறைவு என்றே சொல்லலாம்.

மாடங்களில் வைக்கும் புனிதர்களுக்குத் தனித்தனி வேலை உண்டு. தீயிலிருந்து காக்கப் புளோரியன், கால்நடைக்கு ஜார்ஜ், உழவுக்கு இசிதோர், ஆற்றோரத்திலும் பாலத்தருகிலும் நேப்போமுக் ஜான். எல்லோரையும்விட மக்களுக்கு நெருக்கமானவர் கவலையில் அமர்ந்த கிறிஸ்து: முள்முடி சூடி, வலக்கையில் கன்னத்தைத் தாங்கி, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் உருவம். இவ்வுருவம் நடு ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் உண்டு. உழைத்துக் களைத்த லித்துவேனியக் குடியானவரின் முகத்தை அதற்குக் கொடுத்தவர்கள் ஊர்த் தச்சர்கள்.

இத்தச்சர்களில் பெரும்பாலோர் பள்ளியில் கலை பயிலாதவர்கள். அவர்களுள் தலைசிறந்தவராகக் கருதப்படும் வின்ட்சாஸ் ஸ்விர்ஸ்கிஸ் (1835–1916) நாட்டின் நடுப்பகுதியில் ஊர் ஊராகச் சென்று, சிலுவை வேண்டிய குடியானவர் வீட்டிலேயே தங்கி, வேலை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்பட்டவர். முழு ஓக் மரத்தையே குடைந்து தூணும் உருவங்களும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகச் செதுக்குவது அவர் பாணி. இருநூறுக்கும் மேற்பட்ட சிலுவைகளைச் செய்தார் என்பர். இன்று சில மட்டுமே எஞ்சி, பெரும்பாலும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

இக்கலையின் வேர் எது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. தேசிய இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் மருத்துவர் யோனஸ் பசனாவிச்சியுஸ், 1912இல் வில்னியுஸ் நகரில் வெளிவந்த சிலுவைப் படத் தொகுப்புக்கு எழுதிய ஆய்வுரையில், கூரைத்தூண்களும் சூரிய வடிவங்களும் கிறித்தவத்துக்கு முந்திய வழிபாட்டின் எச்சங்கள் என்று வாதிட்டார். லித்துவேனியா 1387இலும் ஜெமாய்தியா 1413இலும்தான் திருமுழுக்குப் பெற்றன. ஐரோப்பாவில் கடைசியாகக் கிறித்தவத்தை ஏற்ற நாடு என்பதால் இக்கருத்துக்கு இயல்பாகவே ஈர்ப்பு அதிகம். இன்று எஞ்சியுள்ள வடிவங்களில் பல, பிற்காலக் கத்தோலிக்கக் கலையிலிருந்து வந்தவை என்பது மறுதரப்பு. இரண்டையும் ஏற்று, பழைய நம்பிக்கை புதிய சமயத்துக்குள் கரைந்தது என்று எழுதுவோரே இப்போது மிகுதி. அந்தத் தொகுப்பின் ஓவியங்களை வரைந்தவர் அந்தானஸ் யாரோஷேவிச்சியுஸ். தாய்நாட்டுக்கு வெகுதொலைவில், கசான் நகரில் ஓவிய ஆசிரியராக இருந்தவர்.

ஜார் காலத் தடை

1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்க வந்த ஆளுநர் மிகயீல் முராவியோவ், தூக்குமேடைக்காரர் என்ற பட்டத்துடனேயே மக்கள் நினைவில் நிலைத்தவர். தேவாலய வளாகத்துக்கும் இடுகாட்டுக்கும் வெளியே சாலையோரங்களில் சிலுவை நடுவது அவர் காலத்தில் தடுக்கப்பட்டது. லத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல்களை அச்சிடுவதும் அதே காலத்தில் விலக்கப்பட்டது. அச்சுத் தடை 1904 வரை நாற்பதாண்டுகள் நீடித்தது. கிளர்ச்சிக்கு ஊற்றாகக் கத்தோலிக்கத் திருச்சபையை ஆட்சியாளர் கண்டனர். மக்களை ரஷ்ய எழுத்துக்கும் ரஷ்யத் திருச்சபைக்கும் மாற்றுவது அவர்களின் நோக்கம். பிரஷ்யாவில் அச்சிட்ட செப நூல்களையும் நாட்காட்டிகளையும் எல்லை கடந்து முதுகில் சுமந்துவந்த நூற்கடத்தல்காரர்கள் தோன்றியது இச்சூழலில்தான். ஜெமாய்தியாவின் ஆயர் மொதேயுஸ் வலன்ச்சியுஸ் அந்த வேலையைத் தொடங்கி வைத்தார். தடைசெய்த நூலை வைக்கோலுக்கடியில் மறைத்த வீடும் சிலுவையை விட்டுக்கொடுக்காத வீடும் பெரும்பாலும் ஒரே வீடாக இருந்தன. எழுத்தும் சிலுவையும் ஒரே அரசாணைக் காலத்தில் குற்றமாக்கப்பட்டதால்தான் சமயச் சின்னமாக இருந்தது இனத்தின் சின்னமாகவும் ஆயிற்று.

சிலுவைத் தடை 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் தளர்ந்தது. போலந்து அறிஞர் லுத்விக் க்ஷிவிட்ஸ்கி ஜெமாய்தியாவின் மண்கோட்டைகளை ஆராய வந்தபோது இம்மேட்டில் இருந்த சிலுவைகளை எண்ணி எழுதினார்: 1900இல் 130. அடுத்த எண்ணிக்கை 1902ஆம் ஆண்டினது, 155. குன்றின் வரலாற்றில் உறுதியான முதல் எண்கள் இவைதாம்.

குடியரசுக் காலம்

1918இல் லித்துவேனியா விடுதலை அறிவித்தது. 1922இல் மேட்டில் ஏறத்தாழ 50 சிலுவைகளே இருந்தன. 1938இல் நானூறுக்கும் மேல். 1928இல் விடுதலையின் பத்தாம் ஆண்டை ஒட்டி நாடெங்கும் ஊர்தோறும் ஓக் மரச் சிலுவைகள் நடப்பட்டன. ஓவியர் அதோமஸ் வர்னஸ் நாடெங்கும் சிலுவைகளை ஒளிப்படம் எடுத்து 1926இல் தொகுப்பாக வெளியிட்டார்.

இயற்பியல் பேராசிரியர் இக்னாஸ் கோன்ச்சியுஸ் செய்த வேலை இன்னும் விந்தையானது. அவர் ஜெமாய்தியாவின் சாலைகளில் பல்லாண்டுக் கோடைகளில் சுற்றி, ஒவ்வொரு சிலுவையையும் மாடத்தையும் குறித்து, எந்தச் சாலையில் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று கணக்கிட்டார். போரில் நாட்டைவிட்டு வெளியேறிய பின் அவருடைய நூல் 1965இல் சிகாகோவில் வெளிவந்தது. அதற்குள் அவர் எண்ணியவற்றில் பெரும்பகுதி மண்ணில் இல்லை. இன்று ஒரு ஜெமாய்தியச் சாலையில் எவை நின்றன என்று அறிய அவருடைய கணக்கையே நாட வேண்டியிருக்கிறது.

சோவியத் காலம்

1940இல் சோவியத் படை நுழைந்தது. 1941 ஜூன் 14 முதல் குடும்பங்கள் சரக்கு ரயிலேற்றப்பட்டு சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டன. ஜெர்மன் ஆக்கிரமிப்புக்குப் பின் 1944இல் திரும்பிவந்த சோவியத் ஆட்சி அதைப் பெரிய அளவில் தொடர்ந்தது. 1948 மே மாதமும் 1949 மார்ச் மாதமும் மிகக் கொடியவை. 1950களின் தொடக்கம் வரை நாடுகடத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,30,000 பேர். சோவியத் ஆட்சியை எதிர்த்துக் காடுகளில் மறைந்து போராடி இறந்தவர்களின் உடல்களை ஊர்ச் சந்தையில் கிடத்தி, பார்த்து அழுபவர் யார் என்று ஒற்றர்கள் கவனித்தார்கள். அடையாளம் காட்டினால் குடும்பமே பிடிபடும். பெற்ற தாயும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க வேண்டிய நிலை. 1831இல் போலவே, உடலும் கல்லறையும் இல்லாமல் துக்கம் காக்க வேண்டிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உருவாயின.

ஸ்டாலின் இறந்தபின், 1956ஐ ஒட்டி, சைபீரியாவில் உயிர்பிழைத்தவர்கள் திரும்பத் தொடங்கினர். வீடு பறிபோயிருந்தது, பலருக்கு லித்துவேனியாவில் குடியிருக்கவே அனுமதி கிடைக்கவில்லை. குன்றில் சிலுவைகள் திடீரெனப் பெருகியது இப்போதுதான். திரும்பி வந்ததற்கு நன்றியாகவும், உறைபனி நிலத்தில் விட்டுவந்த பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நினைவாகவும் நட்டார்கள். ஊர்ப் பெயரையும் ஆண்டையும் தவிர வேறெதையும் எழுதாத சிலுவைகள் பல. பார்த்தவருக்குப் பொருள் விளங்கும். வழக்குத் தொடுப்பவருக்குச் சொல் அகப்படாது.

குருச்சேவ் காலத்துச் சமய எதிர்ப்பு இயக்கம் குன்றை நோக்கித் திரும்பியது. 1961 ஏப்ரல் 5 அன்று படைவீரர்களும் வேலையாட்களும் எந்திரங்களுடன் வந்தனர். மரச் சிலுவைகளை அங்கேயே எரித்தனர். இரும்புச் சிலுவைகளைப் பழைய இரும்பாக ஏற்றிச் சென்றனர். கல்லையும் கான்கிரீட்டையும் உடைத்துப் புதைத்தனர். அழிந்தவை ஈராயிரத்துக்கும் மேல் என்று நூல்கள் கூறும். வேலையில் சிறைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் சில குறிப்புகள் சேர்த்துச் சொல்லும். தேர்ந்த தச்சரின் வேலையும் பெயரில்லாத உழவர் இணைத்த இரு கட்டைகளும் ஒரே தீயில் போயின. குன்று மட்டும் இந்தக் கதிக்கு ஆளாகவில்லை. வில்னியுஸ் நகரின் மேல் 1916இல் அந்தானஸ் விவுல்ஸ்கிஸ் எழுப்பிய மூன்று சிலுவைகளை 1950இலேயே வெடிவைத்துத் தகர்த்திருந்தனர். அதே நகரின் சிலுவைப்பாதைச் சிற்றாலயங்களும் வெப்ரியாய் ஊரின் சிற்றாலயங்களும் 1960களின் தொடக்கத்தில் தகர்க்கப்பட்டன. கூட்டுப்பண்ணைக்காகத் தோட்ட வீடுகளைப் பெயர்த்து நிலத்தைச் சமப்படுத்தியபோது சாலையோரச் சிலுவைகள் ஊருக்கு ஊர் காணாமற்போயின.

எரித்த சில நாட்களில் மேட்டில் மறுபடியும் சிலுவைகள் நின்றன. அதன்பின் நடந்தது கால் நூற்றாண்டு இழுபறி. 1973 முதல் 1985 வரை மீண்டும் மீண்டும் மேட்டைத் துப்புரவாக்கினர். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கில் அகற்றியதாகக் குறிப்புகள் உள்ளன. சாலையில் காவல் நிறுத்தினர். கொள்ளைநோய் பரவுகிறது என்று சொல்லி வழியை அடைத்ததும் உண்டு. குல்பே ஆற்றுக்கு அணை கட்டி மேட்டையே நீரில் மூழ்கடிக்கும் திட்டம் இருந்ததாகப் பல நூல்கள் எழுதுகின்றன. அது எந்த அளவு வரை சென்றது என்பதில் அவை ஒத்துப்போகவில்லை. பிடிபட்டவருக்கு வேலை போகலாம், மாணவருக்குக் கல்லூரி போகலாம். அதனால் இரவில் வந்தார்கள். கோட்டுக்குள் மறைக்கும் அளவில் சிறு சிலுவை செய்தார்கள். பெரியதைத் துண்டுகளாகக் கொண்டுவந்து இருட்டில் பொருத்தினார்கள். காலையில் காவலர் பிடுங்கிய குழியிலேயே அடுத்த வாரம் வேறொருவர் நட்டார். முதலாமவர் யார் என்று இரண்டாமவருக்குத் தெரியாது. நட்டவர்கள் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் அதுவே சான்றாகும். அரசு வைத்த கணக்கு அகற்றியவற்றைப் பற்றியது.

மக்கள் தரப்பில் எஞ்சிய பதிவுகளுக்குப் பெருமளவு காரணம் ஓர் இரகசிய இதழ். 'லித்துவேனியக் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாற்றேடு' 1972 மார்ச் 19 முதல் 1989 வரை 81 இதழ்கள் வெளிவந்தது. தட்டச்சுப் பொறியில் கரித்தாள் வைத்து எடுத்த படிகள் கைமாறிச் சென்றன. சில மேற்குலகை அடைந்து வத்திக்கான் வானொலி வழியே லித்துவேனிய மொழியிலேயே திரும்பி வந்தன. தொடங்கி நடத்திய பாதிரியார் சிகிதஸ் தம்கேவிச்சியுஸ் 1983இல் கைதானார். வேறோர் ஆசிரியரின் பொறுப்பில் இதழ் நிற்காமல் வந்தது. நாட்டின் விடுதலைக்குப் பின் தம்கேவிச்சியுஸ் பேராயராகி 2019இல் கர்தினாலாக உயர்ந்தார். பதினொன்றாம் இதழைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த அருட்சகோதரி நியோலே சதுனைதே 1974இல் பிடிபட்டு, முகாமிலும் சைபீரிய நாடுகடத்தலிலுமாக ஆறாண்டுகள் கழித்தார். சிற்றூர் ஒன்றில் எந்தச் சிலுவை எந்த இரவில் வெட்டப்பட்டது, ஆணையிட்ட அதிகாரி யார், மறுநாள் ஊரார் என்ன செய்தனர் என்று நாள் குறித்து எழுதிய ஏடு அது. குன்றின் 1970களின் வரலாறு மட்டும் மற்றக் காலங்களைவிட விரிவாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

அதில் பதிவான இரு நிகழ்ச்சிகள் பின்வந்த எல்லா நூல்களிலும் இடம்பெறுகின்றன. 1973 மே மாதம் ஒரு நள்ளிரவில் இளைஞர் சிலர் ஷௌலியாய் புறநகரிலிருந்து செபமாலை சொல்லிக்கொண்டு பெரிய மரச் சிலுவையைத் தோளில் ஏற்றி நடந்தனர். வழியில் ஒற்றர்களுக்குத் தப்பி, விடியுமுன் குன்றில் நட்டனர். காலையிலேயே அது அகற்றப்பட்டது. இரண்டாவது 1979 ஜூலை 22இல் நடந்தது. பாதிரியார் அல்கிர்தஸ் மோட்சியுஸ், மெஷ்குய்ச்சியாய் என்ற ஊரிலிருந்து வெறுங்காலுடன் சிலுவை சுமந்து பட்டப்பகலில் குன்றுக்கு நடந்தார், நூற்றுக்கணக்கானோர் பின்தொடர்ந்தனர். ஆறாண்டு இடைவெளியில் நள்ளிரவு நடை பகல் ஊர்வலமாக மாறியிருந்தது. முந்திய ஆண்டில் போலந்துக்காரர் ஒருவர் போப்பாண்டவரானதும், விசுவாசிகளின் உரிமைக்காக லித்துவேனியப் பாதிரியார்கள் ஒரு குழு அமைத்ததும் மக்களுக்குத் துணிவு கொடுத்தன என்று கருதலாம்.

தச்சர்களின் கதை இக்காலத்தில் வேறு வழியில் சென்றது. சிலுவை செதுக்க முடியாதபோதும் அவர்களின் உளி ஓயவில்லை. 1941இல் நாஜிப் படை கொன்ற ஊராருக்கு நினைவாக 1972இல் அப்லிங்கா என்ற இடத்தில் நாட்டுப்புறத் தச்சர்கள் கூடி முப்பது ஓக் மரச் சிற்பங்களை எழுப்பினர். பாசிசத்தில் மாண்டவருக்கான நினைவிடம் என்பதால் அரசு தடுக்கவில்லை. தூண்களின் அமைப்பிலும் உருவங்கள் நிற்கும் வகையிலும் பழைய ஊர்ச் சிலுவையின் மரபு வெளிப்படையாகவே தெரிந்தது. பின்வந்த பல சிற்பப் பட்டறைகளுக்கு இதுவே முன்மாதிரி. சிலுவைச் செதுக்குக் கலை 1988இல் ஒரே ஆண்டில் உயிர்த்தெழுந்தது போலத் தோன்றியதற்கு விளக்கம் இங்கே உள்ளது: கை மறக்கவில்லை.

விடுதலைக்குப் பின்

1988இல் சாயூதிஸ் மக்கள் இயக்கம் தோன்றியதும் தடைகள் பொருளிழந்தன. பறிபோன ஊர்ச் சிலுவைகள் பழைய இடங்களில் எழுந்தன. வில்னியுஸின் மூன்று சிலுவைகள், நாடுகடத்தலின் நினைவு நாளான ஜூன் 14 அன்று 1989இல் மீண்டும் நின்றன. லாப்டேவ் கடலோரம் உறைபனி நிலத்தில் மாண்டவர்களின் இடங்களைத் தேடிச் சென்ற குழுக்கள் அங்கும் சிலுவை நட்டுத் திரும்பின. 1990 மார்ச் 11இல் நாடு விடுதலையை மீட்டது. 1991 ஜனவரியில் வில்னியுஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தருகே சோவியத் படையால் கொல்லப்பட்டவர்களுக்கும், அவ்வாண்டு ஜூலையில் மெதினின்காய் எல்லைச் சாவடியில் கொல்லப்பட்டவர்களுக்கும் அவர்கள் விழுந்த இடத்தில் மக்கள் முதலில் வைத்தது சிலுவையே.

குன்றில் 1990இல் எடுத்த கணக்கு பெரியதும் சிறியதுமாக ஏறத்தாழ 55,000 சிலுவைகளைக் காட்டியது. 1993 செப்டம்பர் 7 அன்று போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் இங்கு வந்து திருப்பலி நிறைவேற்றினார். கூடியவர்கள் ஒரு லட்சம் பேர் என்பர். அவர் அளித்த சிலுவை அடுத்த ஆண்டு அடிவாரத்தில் நிறுவப்பட்டது. இத்தாலியின் லா வெர்னா மலையிலுள்ள பிரான்சிஸ்கன் துறவியரோடு அவர் நடத்திய பேச்சின் விளைவாக, அவர்களின் மடம் ஒன்று குன்றுக்கருகே 2000இல் திறக்கப்பட்டது. ஷௌலியாய் தனி மறைமாவட்டமானது 1997இல்.

லித்துவேனியச் சிலுவைச் செதுக்குக் கலையை யுனெஸ்கோ 2001இல் மனிதகுலத்தின் சிறந்த மரபுகளுள் ஒன்றாக அறிவித்து 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது. அறிவிப்பில் இடம்பெற்றது கலையும் அதன் குறியீட்டுப் பொருளும். குன்று அதன் மிகப் புகழ்பெற்ற காட்சியிடம். இன்று அங்கு காண்பவற்றில் பெரும்பகுதி பயணிகள் வாயிலில் வாங்கி மாட்டிவிட்டுச் செல்லும் சிறு சிலுவைகளும் செபமாலைகளுமாக இருப்பதும், இரும்புச் சூரியன் தாங்கிய ஓக் மரச் சிலுவைகள் அவற்றுக்கிடையே மறைந்துபோவதும் கலையை மதிப்போருக்குக் கவலை தருவன. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆயினும் இவ்வளவுதான் நடலாம், இன்னார்தான் நடலாம் என்று யாரும் வரையறுத்திருந்தால் இக்குன்று உருவாகியே இராது. மண்ணில் நிற்கும் மரம் சில பத்தாண்டுகளில் உளுத்து விழும். அந்த இடத்தில் புதியது வரும். இங்கு நடும் சிலுவை இன்றும் அரசியலைத் தொடும்: 2019 டிசம்பரில் ஹாங்காங் போராட்டத்தை ஆதரித்து வைத்த சிலுவையைப் பயணி ஒருவர் பிடுங்கி எறிந்த காணொளி பரவி, லித்துவேனிய வெளியுறவு அமைச்சரின் கண்டனம் வரை சென்றது.

ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசி ஞாயிறு குன்றின் திருவிழா. மற்ற நாட்களில் எந்த நேரமும் செல்லலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. ஷௌலியாயிலிருந்து யோனிஷ்கிஸ் செல்லும் பேருந்தில் தொமான்தாய் நிறுத்தத்தில் இறங்கினால் குன்று இரண்டு கிலோமீட்டர் நடை தூரம்.